ஒற்றையரிலிருந்து இரட்டையருக்கு: சானியா மிர்சாவின் ஆட்ட வாழ்க்கை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சாவைப் பற்றிய எந்தக் குறிப்பிலும் இரண்டு எண்கள் இடம்பெறும். ஒற்றையர் தரவரிசையில் அவர் எட்டிய உயர்ந்த இடம் 27, இரட்டையரில் 1. முன்னது 2007 ஆகஸ்டில் வந்தது, பின்னது 2015 ஏப்ரலில். இவற்றுக்கு நடுவில் அறுவை சிகிச்சைகளும், பாதியில் நின்றுபோன பருவங்களும், ஒற்றையரை அடியோடு விட்டுவிடுவது என்ற முடிவும் இருக்கின்றன. அந்த முடிவைத் தோல்வியின் ஒப்புதலாகப் பார்ப்பவர்கள் உண்டு. 'இரட்டையரில்தானே முதலிடம்' என்று சற்று இறக்கிப் பேசுபவர்களும் உண்டு. முதலிடத்தின் ஒளியில் முந்தைய பத்தாண்டுகளையே மறந்துவிட்டவர்கள் இன்னொரு பக்கம். சானியாவிடம் உலகத் தரத்தில் ஓர் அடி இருந்தது. அந்த அடியைச் சாத்தியமாக்கிய மணிக்கட்டே அவரைக் கைவிட்டது. அதன் பிறகு அவர் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை, மிச்சமிருக்கும் அந்த அடியை எந்த ஆட்டத்தில் செலவிடுவது என்ற கேள்விக்கான விடைகளே. இந்த ஆய்வு அவருடைய ஆட்ட வாழ்க்கையை அப்படித்தான் வாசிக்கிறது.

அவர் 1986 நவம்பர் 15 அன்று மும்பையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். ஆறு வயதில் மட்டை பிடித்தார். சாணமிட்டு மெழுகிய ஆடுகளங்களில்தான் தொடக்கத்தில் ஆடியதாகப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தந்தை இம்ரான் மிர்சாவே பயிற்சியாளர், பயண ஏற்பாட்டாளர், நிதி திரட்டுபவர் எல்லாமுமாக இருந்தார். அன்றைய இந்தியாவில் பெண்களுக்கான டென்னிஸ் பாதை என்று ஒன்று பெயரளவில்தான் இருந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றில் வென்றதே பெரிய செய்தியானது. அதற்கு முன், தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் போட்டிகள் திறந்துவிடப்பட்ட ஓபன் காலகட்டத்தில், எந்த இந்தியப் பெண்ணும் கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளின் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டத்தைக்கூட வென்றதில்லை. சானியா புறப்பட்ட தளம் அவ்வளவுதான்.

அவருடைய முதல் பெரிய பட்டங்கள் இரட்டையரில் வந்தவை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 2003இல் ரஷ்யாவின் அலிசா கிளெய்பனோவாவுடன் விம்பிள்டன் சிறுமியர் இரட்டையரை வென்றார். 2004இல் ஹைதராபாத்தில் லீசல் ஹியூபருடன் சேர்ந்து முதல் டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) பட்டத்தைப் பெற்றார். ஆனால் இந்தியாவில் இரட்டையர் வெற்றிக்குப் பஞ்சமில்லை. லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் அதைப் பழக்கமாக்கிவிட்டிருந்தார்கள். நாடு காத்திருந்தது தனியாக நின்று ஆடும் ஒருவருக்காக.

அது 2005இல் நடந்தது. வைல்டு கார்டு (அமைப்பாளர்கள் தரும் சிறப்பு அனுமதி) பெற்று ஆஸ்திரேலிய ஓபனில் நுழைந்த 18 வயதுப் பெண் மூன்றாவது சுற்று வரை சென்று செரினா வில்லியம்ஸிடம் 6-1, 6-4 எனத் தோற்றார். முதல் செட்டை விட இரண்டாவது செட்டில்தான் அவர் யார் என்பது தெரிந்தது. அடுத்த மாதமே சொந்த ஊரில் நடந்த ஹைதராபாத் ஓபன் இறுதியில் உக்ரைனின் அல்யோனா பொந்தரெங்கோவை 6-4, 5-7, 6-3 என வென்று, டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். அடுத்து துபாயில், அப்போதைய அமெரிக்க ஓபன் சாம்பியனான ஸ்வெட்லானா குஸ்னெட்சோவாவை நேர் செட்களில் வீழ்த்தினார். செப்டம்பரில் அமெரிக்க ஓபனின் நான்காவது சுற்றுக்கு முன்னேறி மரியா ஷரபோவாவிடம் 6-2, 6-1 எனத் தோற்றார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற டபிள்யூடிஏ விருது அவருக்கே கிடைத்தது. ஹைதராபாத்தில் வென்ற அந்தப் பட்டமே கடைசிவரை அவருடைய ஒரே டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டமாக இருந்துவிட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நேர்மை.

அந்த அடி

சானியாவின் ஃபோர்ஹேண்டை, அதாவது மட்டை பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை அடிக்கும் அடியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் இந்த நிகழ்வின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. பலமான அடிக்குப் பெரும்பாலோர் தோள், இடுப்பு, கால் ஆகியவற்றின் சுழற்சியையே நம்புவார்கள். பின்னிழுப்பு நீளமாக இருக்கும், எதிராளிக்குப் பந்தின் திசையை ஊகிக்க ஒரு கணம் கிடைக்கும். சானியாவின் அடியில் அந்தக் கணம் கிடைக்காது. பந்து மட்டையில் படும் நொடியில் மணிக்கட்டு சாட்டைபோல் சொடுக்கும். ஏறத்தாழ ஒரே தோற்றத்திலிருந்து பந்து குறுக்காகவும் போகும், கோட்டை ஒட்டி நேராகவும் போகும். வேகமாக வரும் பந்தை அதைவிட வேகமாகத் திருப்பி அனுப்பும் திறன் அவருக்கு இயல்பாகவே இருந்தது. முதல் பத்து இடங்களில் இருந்தவர்களும் அந்த அடிக்கு எதிரில் திணறியதற்குக் காரணம் இதுவே.

ஆட்டத்தின் மற்றப் பகுதிகள் அந்த உயரத்தில் இல்லை. இரண்டாவது சர்வ் (முதல் சர்வ் தவறினால் கிடைக்கும் மறுவாய்ப்பு) மெதுவாகவும் ஊகிக்கத்தக்கதாகவும் இருந்ததால், தேர்ந்தவர்கள் அதைக் காத்திருந்து அடித்தார்கள். பக்கவாட்டு ஓட்டத்திலும் குறை இருந்தது; அவரை ஃபோர்ஹேண்ட் பக்கம் தூர இழுத்துவிட்டு எதிர்மூலையில் பந்தைப் போட்டால் திரும்பி வருவதற்குள் புள்ளி போய்விடும். பிரெஞ்சு ஓபனிலும் விம்பிள்டனிலும் ஒற்றையரில் அவர் இரண்டாவது சுற்றைத் தாண்டியதே இல்லை. ஆக, ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர் முன் இருந்த கணக்கு ஒன்றுதான்: எதிராளி தன் குறைகளைத் தேடிப் பிடிப்பதற்குள் புள்ளியை முடித்துவிட வேண்டும். அதற்காக ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்தில் அடித்தாக வேண்டும். அந்தச் சுமை முழுவதும் மணிக்கட்டில் இறங்கியது.

இந்தக் கணக்கோடுதான் அவர் 2006இல் சியோலில் முன்னாள் உலக முதலிட வீராங்கனை மார்ட்டினா ஹிங்கிஸை வென்றார். 2007இல் ஸ்டான்ஃபோர்டு இறுதிக்குச் சென்றார். அதே கோடையில் 27ஆம் இடத்தைத் தொட்டார். ஆடுகளத்துக்கு வெளியில் உடை பற்றிய விமர்சனம், பாதுகாவலர் துணையோடு நடமாட்டம், தேசியக் கொடியை வைத்துக் கிளப்பப்பட்ட சர்ச்சை எனத் தொடர்ந்து வந்தவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை. இருபது வயதில் அவற்றையெல்லாம் சுமந்துகொண்டே அந்த இடத்துக்கு வந்தார் என்பதை நினைவில் வைத்தால் போதும். ஒற்றையரில் உச்சம் தொட்ட அதே 2007இல் அவர் நான்கு வெவ்வேறு துணைகளுடன் நான்கு இரட்டையர் பட்டங்களையும் வென்றிருந்தார். யாருடன் நின்றாலும் ஆட்டம் பொருந்திவிடும் என்பதற்கு அதுவே சான்று. அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உடைந்த இடம்

2008இல் மணிக்கட்டு நின்றது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆட வந்தவர், செக் வீராங்கனை இவெட்டா பெனெசோவாவுக்கு எதிரான முதல் சுற்றிலேயே வலி தாங்காமல் பாதியில் விலகினார். அதற்குப் பிந்தைய மாதங்களில் தான் மனச்சோர்வில் விழுந்து கிடந்ததைப் பல ஆண்டுகள் கழித்து அவரே வெளிப்படையாகப் பேசினார். மணிக்கட்டோடு இரு முழங்கால்களையும் சேர்த்தால் அவர் உடலில் நடந்தவை மூன்று அறுவை சிகிச்சைகள்.

2009 ஜனவரியில் மகேஷ் பூபதியுடன் சேர்ந்து ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இரட்டையரை வென்றபோது அது ஆறுதல் பரிசாகவே பார்க்கப்பட்டது. அவருமே அப்போது ஒற்றையரைக் கைவிடவில்லை. 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் வெள்ளி வென்றார். 2011இல் எலெனா வெஸ்னினாவுடன் பிரெஞ்சு ஓபன் மகளிர் இரட்டையர் இறுதியை எட்டித் தோற்றார். 2012இல் அதே பாரிஸில் பூபதியுடன் கலப்பு இரட்டையரை வென்றார். ஒற்றையரில் மீண்டும் மீண்டும் ஏறுவதும், உடல் இடம் கொடுக்காமல் இறங்குவதுமாகக் காலம் போயிற்று. 2013இல் ஒற்றையரை நிறுத்திக்கொள்வதாக முடிவெடுத்தார்.

அந்த முடிவின் நியாயத்தை உணர்ச்சி கலக்காமல் பார்க்கலாம். ஒற்றையரில் ஆடுகளத்தின் அகலம் 8.23 மீட்டர்; அதை ஒருவரே காக்க வேண்டும். இரட்டையரில் அகலம் 10.97 மீட்டராக விரிந்தாலும் இருவர் பகிர்ந்துகொள்வதால் ஆளுக்கு ஐந்தரை மீட்டர் அளவே வரும். ஒற்றையரில் இரண்டு கேமுக்கு ஒரு முறை சர்வ் போட வேண்டும்; இரட்டையரில் நான்கு கேமுக்கு ஒரு முறை. புள்ளிகள் சீக்கிரம் முடிந்துவிடும். கிராண்ட் ஸ்லாம் அல்லாத டபிள்யூடிஏ போட்டிகளில் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக் (சமநிலையை முடித்துவைக்கும் குறுகிய ஆட்டம்)தான். அதாவது, சானியாவின் ஆட்டத்தில் பலவீனமாக இருந்த சர்வும் ஓட்டமும் இரட்டையரில் பாதியாகக் குறைகின்றன; பலமாக இருந்த ரிட்டர்னும் (எதிராளியின் சர்வைத் திருப்பி அடிப்பது) ஃபோர்ஹேண்டும் அப்படியே இருக்கின்றன, சொல்லப்போனால் அவற்றின் மதிப்பு கூடுகிறது. வலையருகே ஓர் எதிராளி நிற்கும்போது, திசை தெரியாமல் வரும் வேகமான பந்தைப் போல் தொல்லை வேறில்லை.

விலை இல்லாமல் இல்லை. 2015 விம்பிள்டனில் மகளிர் ஒற்றையர் சாம்பியனுக்குப் பரிசு 18.8 லட்சம் பவுண்டு. மகளிர் இரட்டையர் சாம்பியன் இணைக்கு இருவருக்கும் சேர்த்து 3.4 லட்சம். ஆளுக்குப் பிரித்தால் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு. தொலைக்காட்சி நேரமும் கவனமும் அதே விகிதத்தில்தான் குறையும். இன்னொரு விலையும் உண்டு: இரட்டையர் ஆட்டக்காரரின் விதியில் பாதி எப்போதும் வேறொருவர் கையில் இருக்கும். இதை அவர் 2012இலேயே கசப்பாக அறிந்திருந்தார். லண்டன் ஒலிம்பிக்குக்கு ஆடவர் இணைகளைப் பொருத்துவதில் எழுந்த பூசலைத் தணிக்க, அகில இந்திய டென்னிஸ் சங்கம் அவரைக் கலப்பு இரட்டையரில் லியாண்டர் பயஸுடன் சேர்த்தது. சில வாரங்களுக்கு முன்புதான் அவர் பூபதியுடன் பாரிஸில் பட்டம் வென்றிருந்தார். மூத்த வீரர் ஒருவரைச் சமாதானப்படுத்தத் தன்னைத் தூண்டில் இரையாக்கினார்கள் என்று வெளிப்படையாகவே அறிக்கை விட்டார். நாட்டின் முன்னணி வீராங்கனையை ஆண்களின் சண்டைக்கு ஈடாக வைத்த அந்த நிர்வாகத்தின் செயலுக்கு இன்று வரை நல்ல விளக்கம் எதுவும் இல்லை. பயஸும் அவரும் காலிறுதி வரை சென்று வெளியேறினார்கள்.

துணை

ஒற்றையரை விட்டபின் முதலில் ஜிம்பாப்வேயின் காரா பிளாக்குடன் நிலைத்தார். முன்னாள் முதலிட ஆட்டக்காரரான காராவிடமிருந்து வலையருகே நிற்கும் இடம், நகரும் நேரம் ஆகியவற்றை அவர் கற்றிருக்க வேண்டும் என்று ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தோன்றும். 2014 இறுதியில் சிங்கப்பூரில் டபிள்யூடிஏ இறுதிச்சுற்றுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஷியே சு-வெய், பெங் ஷுவாய் இணையை இருவரும் 6-1, 6-0 என்று தகர்த்தார்கள். அதே ஆண்டு பிரேசிலின் புரூனோ சோரஸுடன் அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையரையும் வென்றார். காரா குடும்பத்துக்காக ஆட்டத்திலிருந்து ஒதுங்கியபின் ஷியேயுடன் சில போட்டிகள் ஆடிப் பார்த்தது பொருந்தவில்லை.

2015 மார்ச்சில் மார்ட்டினா ஹிங்கிஸ் வந்தார். ஒருவருக்கு ஃபோர்ஹேண்ட், மற்றவருக்கு மறுபக்க அடியான பேக்ஹேண்ட். ஒருவர் பின்கோட்டிலிருந்து பந்தை நொறுக்குவார், மற்றவர் வலையருகே நின்று எதிராளி திணறி எழுப்பும் பந்தை வெட்டி முடிப்பார். சானியா ஆடுகளத்தின் வலப்பக்கத்தையும் ஹிங்கிஸ் இடப்பக்கத்தையும் எடுத்துக்கொண்டதால் இருவருக்கும் தத்தமது சிறந்த அடியே முதலில் வாய்த்தது. இந்தியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என முதல் மூன்று போட்டிகளிலும் பட்டம் வென்றார்கள். ஏப்ரல் 13 அன்று வெளியான தரவரிசையில் சானியா முதலிடம் பெற்றார். டென்னிஸில் எந்தப் பிரிவிலும் உலக முதலிடம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

அந்த இணையின் தன்மையை ஒரே ஆட்டத்தில் காண வேண்டுமென்றால் அந்த ஆண்டின் விம்பிள்டன் இறுதியைப் பார்க்கலாம். எதிரில் எகடெரினா மகரோவாவும் எலெனா வெஸ்னினாவும். முதல் செட் 5-7 எனப் போயிற்று; இரண்டாவது டைபிரேக்கில் மீண்டது. மூன்றாவது செட்டில் 2-5 எனப் பின்தங்கிய நிலையில் ஆட்டம் முடிந்துவிட்டது என்றே அரங்கம் எண்ணியது. அங்கிருந்து மூன்று கேம்களைத் தொடர்ந்து பிடித்து 5-5க்கு வந்தபோது வெளிச்சம் குறைந்ததால் ஆட்டம் நிறுத்தப்பட்டு, கூரை மூடப்பட்டு, விளக்குகள் எரியவிடப்பட்டன. திரும்பி வந்தபின் இரண்டே கேம்கள், 7-5. மகளிர் இரட்டையரில் கிராண்ட் ஸ்லாம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயர் அந்த இரவில் பதிவானது. பின்தங்கிய அந்த நேரத்தில் அவர்கள் உத்தியைப் பெரிதாக மாற்றவில்லை. சானியா ரிட்டர்னைத் தணிக்காமல் அடித்துக்கொண்டே இருந்தார். ஒற்றையரில் பல ஆட்டங்களை அவர் கைநழுவவிட்டதும் இதே பிடிவாதத்தால்தான். இங்கே அது பலித்தது, ஏனெனில் ஒரு பந்து தவறினாலும் அடுத்த புள்ளியைக் காக்க அருகில் ஒருவர் இருந்தார்.

அமெரிக்க ஓபன், குவாங்சோ, வூஹான், பெய்ஜிங், சிங்கப்பூர் என அந்த ஆண்டு மட்டும் இருவரும் சேர்ந்து ஒன்பது பட்டங்கள் வென்றார்கள். 2016 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனும் சேர்ந்தது. 41 ஆட்டங்கள் நீண்ட வெற்றித் தொடர் பிப்ரவரியில் தோஹாவில், வெஸ்னினாவும் தாரியா கசட்கினாவும் பத்துப் புள்ளி டைபிரேக்கில் வென்றபோது முடிந்தது. ஆகஸ்டில் இருவரும் பிரிந்தார்கள். பிரிந்த உடனே நடந்த சின்சினாட்டி போட்டியின் இறுதியில், விதியின் குறும்பு என்றே சொல்ல வேண்டும், இருவரும் எதிரெதிராக நின்றார்கள். பார்போரா ஸ்ட்ரிகோவாவுடன் ஆடிய சானியா, கோகோ வாண்டவெகேயுடன் ஆடிய ஹிங்கிஸை வென்று அதுவரை ஹிங்கிஸுடன் பகிர்ந்திருந்த முதலிடத்தைத் தனியாகவே வைத்துக்கொண்டார். இது ஒரே ஓர் ஆட்டம். ஆனாலும் ஹிங்கிஸின் நிழலில்தான் முதலிடம் வந்தது என்ற பேச்சுக்கு அது ஓரளவு பதில். அவர் மொத்தம் 91 வாரங்கள் முதலிடத்தில் இருந்தார்.

எது பெரிது என்ற கேள்வி

ஒற்றையரில் 27ஆம் இடம் பெரிதா, இரட்டையரில் முதலிடம் பெரிதா? முன்னணி ஒற்றையர் வீராங்கனைகள் பலர் இரட்டையரைத் தொடர்ந்து ஆடுவதில்லை என்பதால் போட்டியின் அடர்த்தி ஒற்றையரில் அதிகம். இதை மறுக்க முடியாது. அந்த அளவில், சர்வும் ஓட்டமும் குறைபட்ட ஒருவர் ஓர் அடியை வைத்தே உலகின் முதல் முப்பதுக்குள் நுழைந்தது அரிய காரியம் என்பதே என் மதிப்பீடு. அதை அடைவதுதான் கடினமாகவும் இருந்திருக்கும். ஆனால் இரட்டையரில் எதிரில் நின்றவர்கள் ஏமாளிகள் அல்லர். 2015 சிங்கப்பூர் இறுதியில் சானியா, ஹிங்கிஸ் இணையிடம் 6-0, 6-3 எனத் தோற்றவர்கள் கார்பினே முகுருசாவும் கார்லா சுவாரஸ் நவார்ரோவும். முகுருசா அந்த ஆண்டை ஒற்றையர் தரவரிசையில் மூன்றாம் இடத்தில் முடித்தவர். தேர்ந்த ஒற்றையர் ஆட்டக்காரர்கள் இருவர் சேர்ந்தாலே தேர்ந்த இரட்டையர் இணை ஆகிவிடாது என்பதை அந்த ஸ்கோர் காட்டுகிறது. இரட்டையர் தனித் தொழில். அதன் உச்சியில் நின்றவரை ஒற்றையர் அளவுகோலால் மட்டுமே அளப்பது சரியன்று.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரியோ ஒலிம்பிக்கில் ரோஹன் போபண்ணாவுடன் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் தோற்று நான்காம் இடம். அந்தத் தோல்வி அவருடைய பட்டியலில் நிரப்பப்படாத இடமாகவே நின்றுவிட்டது. 2018 அக்டோபரில் மகன் பிறந்தான். 2020 ஜனவரியில் திரும்பி வந்து, நாடியா கிச்செனோக்குடன் முதல் போட்டியிலேயே ஹோபார்ட் பட்டத்தை வென்றார். அடுத்து மெல்போர்னில் கெண்டைக்கால் காயம். டோக்கியோ அவருக்கு நான்காவது ஒலிம்பிக். வேறெந்த இந்தியப் பெண்ணும் டென்னிஸில் அதுவரை அத்தனை ஒலிம்பிக்குகளில் ஆடியதில்லை. 2023 ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இரட்டையர் இறுதியில் போபண்ணாவுடன் தோற்று, பிப்ரவரியில் துபாயில் மேடிசன் கீஸுடன் கடைசி ஆட்டத்தை ஆடினார். கணக்கில் மூன்று மகளிர் இரட்டையர், மூன்று கலப்பு இரட்டையர் என ஆறு கிராண்ட் ஸ்லாம்கள். 43 டபிள்யூடிஏ இரட்டையர் பட்டங்கள். கேல் ரத்னா 2015இலும் பத்ம பூஷண் 2016இலும் வந்தன. இரண்டுமே இரட்டையர் காலத்தவை.

அவருக்குப் பின் ஒற்றையரில் 27ஐ எந்த இந்தியப் பெண்ணும் நெருங்கவில்லை. தொடர்ந்து போராடிய அங்கிதா ரெய்னாவின் உச்சம் 160. திறமையின்மையே இதற்குக் காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் சானியாவின் ஏற்றத்தில் ஹைதராபாத் ஓபனுக்கு இருந்த பங்கையும் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் ஒரு டபிள்யூடிஏ போட்டி நடந்ததால்தான் முதல் இரட்டையர் பட்டமும் முதல் ஒற்றையர் பட்டமும் விமானமேறாமலே அவருக்குச் சாத்தியமாயின. அந்தப் போட்டி பின்னர் பெங்களூருக்குப் போய் 2008க்குப் பிறகு அதுவும் நின்றது. 2022 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் டபிள்யூடிஏ 250 போட்டி நடந்தபோது, வைல்டு கார்டில் ஆடிய கர்மன் தாண்டி முதல் சுற்றில் தரநிலை பெற்ற குளோயி பாக்கேவை வென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகள் அந்தப் போட்டி நடக்கவில்லை. 2025இல் மீண்டும் நடந்தது.